ஊற்றாத டின்கள்

1968 நவம்பர் 11

இன்றைக்கும் புகை. ஊத்துக்கோட்டை ரோட்டில் பின்னால் வந்த சைக்கிள்காரன் இறங்கி நின்று என் பரம்பரையையே திட்டினான். திட்டட்டும். புகையும் என்னுடையதல்ல, வண்டியும் என்னுடையதல்ல. டாக்டர் தேசிகனின் ஆஸ்டின் அது. எண்ணூர் ஆலையில் பாகங்களைப் பூட்டி வெளியே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடம் ஸ்டியரிங் என் கையில்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றினால் வேலை முடிந்தது. இதோடு மூன்று தடவை சொல்லிவிட்டேன். "பாக்கலாம்டா" என்கிறார். நோயாளியிடம் இப்படிச் சொல்வாரா?

நவம்பர் 14

டாக்டருடைய மச்சினர் ஸம்பத்குமார் ஒரு சிவப்பு டின்னோடு வந்தார். எஞ்சின் டானிக்காம். இந்தப் பக்கத்துக்கெல்லாம் இனி அவர்தான் ஏஜெண்டாம்.

"எண்ணெயோட இதைச் சேத்துட்டா தேஞ்ச இடமெல்லாம் தானா மூடிக்கும் அத்திம்பேர். எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம்."

"தேஞ்ச இரும்பு எப்படி சார் வளரும்?" என்று கேட்டேன்.

"நீ எந்தக் காலேஜ்லடா படிச்சே?" என்று சிரித்தார். டாக்டரும் சிரித்தார். எட்டாம் வகுப்பு படித்தவன்தான் நான். அதற்காக இரும்பு வளருமா? ஸம்பத்குமாரே பானெட்டைத் திறந்து, அபிஷேகம் செய்கிற மாதிரி மெதுவாக ஊற்றினார். டாக்டர் சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

நவம்பர் 22

பொய் எழுத மாட்டேன். புகை நின்றுவிட்டது. சத்தமும் குறைந்திருக்கிறது.

மெக்கானிக் ராஜமாணிக்கத்திடம் காட்டினேன். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "கூழு மாதிரி கெட்டியாக்கி வச்சிக்கிறான்பா. எண்ண கெட்டியா கீது, அதான் மேல ஏறல. சூட்டுல அடிபட்டு எளகட்டும், அப்பால பாரு."

டிசம்பர் 3

இளகிவிட்டது. பழையபடி புகை. எண்ணெயும் அரைக் கம்பிக்குக் கீழே.

இன்று ஊத்துக்கோட்டையில் ஒரு ஆள். காசநோய். ஆறு மாதமாகக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். டாக்டருக்கு வந்ததே கோபம்! "இருமல் நின்னா வியாதி நின்னுடுத்துன்னு அர்த்தமாய்யா? உள்ள அது பாட்டுக்கு அரிச்சிண்டிருக்கே!" பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டேன்.

வண்டியில் ஏறியதும் சொல்லிவிட்டேன். "நம்ம வண்டிக்கும் அதே கதைதான சார்? நீங்க குடுக்கறது இருமல் மருந்து."

திருப்பாச்சூர் தாண்டினோம். அப்புறம் சொன்னார்: "வாயை அடக்கு. மாசம் ஒரு டின் ஊத்து. அப்பவும் புகைஞ்சா வண்டியை வித்துட்டு வாடகைக் கார்ல போயிக்கறேன்."

அதாவது வண்டியோடு நானும் போக வேண்டியதுதான். இருக்கட்டும். ஊத்த மாட்டேன்.

டிசம்பர் 5

டின் வந்தது. ஊற்றவில்லை. டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் பழைய டயருக்குப் பின்னால் சாக்கில் போட்டேன்.

டிசம்பர் 27

டாக்டர் வீட்டில் எல்லோரும் காலையிலேயே ரயிலேறி ஸ்ரீரங்கம் போய்விட்டார்கள். பன்னிரண்டு நாள். வண்டி என் பொறுப்பில்.

பொறுப்பு என்றால் துடைத்து வைப்பது மட்டுமா? நேராக ராஜமாணிக்கம் ஷெட்டுக்கு ஓட்டிப்போய்விட்டேன். ரிங் செட்டுக்குப் புதுப்பேட்டை வரை அலைந்தேன். அதை வாங்க என் கைக்கடிகாரத்தை விற்க வேண்டியதாயிற்று. ராஜமாணிக்கம் கூலி வேண்டாம் என்றுவிட்டார். "மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். மாட்டிக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம்.

1969 ஜனவரி 5

ஓடுகிறது! புது ரிங், புது பேரிங். சாவியைத் திருப்பினேன், அப்படியொரு அமைதி. பின்பக்கம் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தோம். கறையே இல்லை. ராஜமாணிக்கமும் நானும் ஷெட்டில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

ஜனவரி 8

எப்படி எழுதுவது இதை.

டாக்டரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தேன். வீடு வருவதற்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவரே முதுகில் தட்டினார். "பாத்தியாடா! ரெண்டே டின்! நீ என்னமோ இருமல் மருந்துன்னியே?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். கேட்காமல் எஞ்சினைப் பிரித்தவனை எவன் வேலையில் வைத்துக்கொள்வான் என்ற எண்ணம் வந்தது. சிரித்து வைத்தேன். முப்பத்தாறு வயதில் இப்படி ஒரு சிரிப்பு. தூ.

பிப்ரவரி 9

மச்சான் பரசுராமன் வந்திருந்தார். என் பெண்டாட்டி முத்தம்மாவின் அண்ணன். திருவள்ளூருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவில் ஆள் ஏற்றும் லேண்ட்மாஸ்டர் அவருடையது. அந்த வண்டிதான் அவர் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு. எஞ்சினுக்கு அடியில் 'கட் கட்' என்று இடிக்கிறது.

"பேரிங் போயிடுச்சு மச்சான். ஓட்டாத. பிரிச்சே ஆவணும்."

"முகூர்த்த மாசம் மாப்ள. இப்ப எப்டி நிறுத்தறது? பாக்கலாம்."

டாக்டரும் பாக்கலாம், இவரும் பாக்கலாம்.

பிப்ரவரி 16

ஸம்பத்குமார் போட்டோக்காரனோடு வந்தார். பானெட் மேல் டின்னை வைத்து, பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா நில்லுடா, ஒரு ஞாபகத்துக்கு." நின்றேன். நின்றேனே!

மார்ச் 2

நோட்டீஸ். பஸ் ஸ்டாண்டில் கத்தையாகக் கொடுக்கிறார்கள். என் படம். அதற்குக் கீழே:

'பதினெட்டு வருஷ வண்டி இன்று புது வண்டி! எஞ்சினைப் பிரிக்காதீர், டானிக் ஊற்றுவீர்! - டிரைவர் தேசப்பன்.'

நான் எப்போதடா சொன்னேன்?

வீட்டுக்கு வந்தால் முத்தம்மா அதையே சோற்றுப் பருக்கை தடவிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கிழித்துப் போட்டேன். "இன்னாத்துக்குக் கிழிச்ச? உன் பேரு அச்சுல வந்துக்கீது, ஊரே பேசுது!" என்று கத்தினாள். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. வேலை போய்விட்டால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றே மனசு ஓடுகிறது.

மார்ச் 19

மச்சான் வண்டி போச்சு.

பெரியபாளையம் கூட்டிப்போன ஆட்களோடு திரும்பும்போது நடு ரோட்டில் பெரிய சத்தம். பிஸ்டனைத் தாங்குகிற ராடு ஒடிந்து, எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. எஞ்சின் மொத்தமும் காலி.

போய்ப் பார்த்தேன். ரோடெல்லாம் எண்ணெய். சீட்டுக்கு அடியில் இரண்டு சிவப்பு டின், காலி.

"சத்தம் நின்னுடுச்சி மாப்ள" என்றார் மச்சான். "ரெண்டு டின்னு ஊத்தினேன், சுத்தமா நின்னுடுச்சி. சரியாப் போச்சுன்னு ஓட்டினேன்."

"நான்தான் பிரின்னு சொன்னேனே?"

"வாயால அப்டி சொன்ன. அப்பால நோட்டீஸுல இப்டி சொன்ன. உன் பேரு போட்டுக்கீதேன்னுதான் ஊத்தினேன்."

அதற்குமேல் மறைக்க முடியுமா? அங்கேயே, எண்ணெய்க்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் வண்டிக்கு நான் ரிங் மாற்றியதை, டின்களை ஊற்றாமல் ஒளித்ததை, வாயை மூடிக்கொண்டு இருந்ததை. அடித்திருந்தால்கூடத் தேவலாம். அவர் வரப்பில் இறங்கி நடந்து போய்விட்டார்.

மார்ச் 20

முத்தம்மா சமைக்கவில்லை. "எங்க அண்ணன் சோத்துல மண்ணப் போட்டுட்டியே" என்று காலையிலிருந்து அதையே சொல்கிறாள். கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னும் இன்னாத்துக்குக் குந்திகினுகீற? இன்னும் எத்தினி பேரு ஊத்தணும்? போய்ச் சொல்லு. வேலை போனா போவுது. நான் களையெடுக்கப் போறேன்."

மார்ச் 21

சொல்லிவிட்டேன்.

சாக்கை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குள் போனேன். பெஞ்சு நிறைய நோயாளிகள். ஸம்பத்குமாரும் இருந்தார், அதுவும் நல்லதாகப் போயிற்று. டாக்டர் மேசைமேல் நான்கு டின்னையும் வரிசையாக வைத்தேன்.

"என்னடா இது?"

"நீங்க ஊத்தச் சொன்ன டின்னு சார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஒண்ணுகூட ஊத்தல. ரிங்கு மாத்தினேன். அதான் வண்டி ஓடுது."

"பொய் சொல்றான் அத்திம்பேர்!" என்று எழுந்தார் ஸம்பத்குமார்.

"சீலு பாருங்க சார். நான் சொல்றது பொய்யி, டின்னு சொல்றதுமா பொய்யி?"

டாக்டர் ஒரு டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "என் வண்டியை எனக்குத் தெரியாம பிரிச்சியா?"

"ஆமா சார். அது தப்புதான். அதைவிடப் பெரிய தப்பு, சொல்லாம இருந்தது. அதுல எங்க மச்சான் எஞ்சின் போச்சு."

"சாவியை வெச்சுட்டுப் போ."

வைத்தேன். கதவுக்கு வந்ததும் திரும்பி, பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "நோட்டீஸுல இருக்கற தேசப்பன் நான்தான். அதுல இருக்கற பேச்சு என்னுது இல்ல."

மூன்று மாதத்துக்கு அப்புறம் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 24

திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி. சுவரில் ஒட்டிய நோட்டீஸ் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் என் பெயரைத் தார் வைத்து அடித்தேன். கும்மிடிப்பூண்டி டீக்கடைக்காரர் "யோவ், அடுத்தவன் நோட்டீஸ்ல உனக்கு இன்னாய்யா வேலை?" என்று அதட்டினார். "பேரு என்னுது. அடிப்பேன்" என்றேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ கொடுத்தார்.

மே 30

ராஜமாணிக்கம் ஷெட்டில் வேலை. மச்சான் வண்டியையும் இங்கேயே இழுத்து வந்து போட்டிருக்கிறோம். உடைசலுக்கு வந்த வேறொரு லேண்ட்மாஸ்டரிலிருந்து எஞ்சின் கிடைத்தது. மற்ற வேலை முடிந்ததும் அதை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறேன். மச்சான் தினமும் வருகிறார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார். பேசுவதில்லை.

ஜூலை 6

டாக்டர் கம்பவுண்டரை அனுப்பியிருந்தார். பழைய வேலைக்கே வரச் சொன்னாராம். மன்னிப்புக் கேட்டால் போதுமாம்.

பிரித்ததற்குக் கேட்பேன். ஊற்றாததற்குக் கேட்க மாட்டேன். அதுவும் மச்சான் வண்டி ஓடிய பிறகுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 13

மச்சான் இன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 17

வண்டியைக் கிளப்பினோம். இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டது. மச்சான் பானெட்டில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

கும்மிடிப்பூண்டி டாக்ஸிக்காரர் தணிகாசலம் தன் வண்டியோடு வந்து நின்றிருந்தார். அதுவும் கிழட்டு வண்டி. கையில் சிவப்பு டின். மச்சானைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பரசுராமா, இத்த ஊத்தலாமா வேணாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுங்க."

மச்சான் திரும்பவில்லை. எஞ்சினைப் பார்த்தபடியே சொன்னார்: "என்னை இன்னாத்துக்குக் கேக்கற? மாப்ள கீறாரு பாரு. அவரு வாயால சொல்றதக் கேட்டுக்கோ. அப்டியே செய்யி."

ஐந்து மாதம் கழித்து அவர் வாயில் 'மாப்ள'.

கையைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு, தணிகாசலத்திடம் போனேன்.

"மூடிய கழட்டாத. மொதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணு, சத்தத்தக் கேப்போம்" என்றேன்.