வேய்மலைக் கொடியின் வாசல்

தண்கடல் நாடு தழைக்க. அதன் ஏரிகள் நிறைக. எல்லைப் பாசறையில் வீற்றிருக்கும் வேந்தர் வெண்ணிமாறரின் வாள் வெல்க. அவருடைய பட்டத்துத் தேவியும் வேய்மலைக் குடிமகளுமான வேங்கைநங்கையார் மொழிய, அரண்மனை ஓலையெழுதுவோன் எழுதியது.

மணநாளில் கொலுமண்டபத்தில் இருவரும் பேசிக்கொண்டதை வேந்தர் மறந்திருக்கலாம், தேவியார் மறக்கவில்லை. மனைவி பிறந்த மலைநாட்டின் கொடியைத் தம் கொடிக்கு இணையான உயரத்தில் ஏற்ற விரும்பிய வேந்தர், அதன் வெள்ளை வளையம் ஓரிடத்தில் விட்டிருப்பதைக் கண்டு, துணி நைந்துபோயிற்று என்று எண்ணினார். அவையோர் காணத் தாமே ஊசியெடுத்து, வெண்பட்டு நூலால் அந்த இடைவெளியைத் தைத்து முடிச்சிட்டார். வாள் பிடித்த கைக்குத் தையல் கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்வாயா என்று கேட்டார். அரசர் தையலைக் கோணல் என்று சொல்ல இந்த அவையில் யாருக்குத் துணிவு என்று தேவியார் நகைத்தார். மெய்யாகவே பிடித்திருக்கிறதா என்று வேந்தர் தாழ்ந்த குரலில் மறுபடி கேட்டபோது, பிடித்திருக்கிறது என்றார்.

அது பொய்.

வேய்மலைக்குக் கொடி அது ஒன்றே. கருநிறம் மழையில் நனைந்த மலைமண். நடுவிலுள்ள செம்பொட்டு ஊருக்குப் பொதுவான அடுப்பு. வெள்ளை வளையம் அந்த அடுப்பைச் சூழ்ந்து வாழும் குடிகள். வளையத்தில் விட்ட இடைவெளி, அயலூரில் இறந்தவர்கள் வீடு திரும்பும் வாசல். அவை நடுவே வேந்தரைத் திருத்தத் தேவியாருக்கு நா எழவில்லை. பின்னரும், ஆசையாய் இட்ட தையலாயிற்றே என்று சொல்லாமலே இருந்துவிட்டார்.

சென்ற கார்காலத்தில் தேவியாரின் தம்பி சுரும்பன், வேந்தரின் படையில் நின்று பொருது, எல்லையில் மாண்டான். அதுமுதல் உச்சிப்பொழுதில், மண்டபம் ஆளற்றுக் கிடக்கையில், கொடிச்சுவரை ஒட்டிக் காலடி ஓசை எழுகிறது. இடக்காலைச் சற்றே இழுத்து வைக்கும் நடை. தேவியார் அதை நன்கறிவார். கொடியின் கீழ் வந்து நிற்கிறது. காற்றில்லாமல் கொடி அசைகிறது. பின்பு ஓசை வந்த வழியே திரும்புகிறது. காவலர் அந்நேரம் உள்ளே புக அஞ்சுகின்றனர். தேவியார் மட்டும் போய் அமர்ந்திருக்கிறார். நேற்று அவர் காதருகே ஒரு குரல், கோபமில்லாமல், களைத்துப்போய்ச் சொன்னது: "அக்கா, கதவு சாத்தியிருக்கே."

அரசர் இட்ட முடிச்சைப் பிறர் தொடுவது குற்றமென்பது தண்கடல் நாட்டு விதி. மூடிய கையே திறக்கவேண்டுமென்பது வேய்மலை வழக்கம். போர் ஓயாத வேளையில் வேந்தரைப் பாசறை விட்டு அழைப்பது எத்தகையது என்பதும் தேவியார் அறியாததன்று.

தூதர் வழியில் தங்காது செல்க. வேந்தர் கையிலன்றி வேறெவர் கையிலும் இதனைத் தராதொழிக. இது தேவியாரின் ஆணை. மூங்கிலிலை இலச்சினை இடப்பட்டது.

வேந்தருக்கு ஆணையிடும் உரிமை தேவியாருக்கில்லை. ஆதலின் அரக்கு ஆறுமுன் எழுந்து நின்று, எழுதுவோனும் காவலரும் கேட்க, அவர் வாய்விட்டுச் சொன்னது ஓலையின் புறத்தே அவ்வண்ணமே பொறிக்கப்பட்டது:

"நீங்களே வந்து அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். என் தம்பி வெளியே நிற்கிறான்."