கோமதியின் அண்ணன் திரும்பி வந்தானா?

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்,
ஆகஸ்டு 1981

அன்பு மகள் சீதாவுக்கு அப்பா எழுதுவது,

இதுவரை தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயாதான் எழுதித் தருவார், நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதம் முழுக்க என் கை. நானும் அம்மாவும் இங்கே சுகம், மழையும் குளிரும் எங்களைவிடச் சுகம். இங்கிலாந்தில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை முதியோர் வகுப்பில் சரோஜா டீச்சர் திருத்துவதே எனக்குப் போதும்.

நீ அனுப்பிய கதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. முடிவு தெரியாமல் மனசு அடித்துக்கொண்டால் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள் அப்பா, நான் எந்தக் கதையையும் அப்படித்தான் படிப்பேன் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இங்கே அதனால் ஒரு பெரிய கூத்தே நடந்துவிட்டது.

சாயங்காலம் வேலை விட்டு எல்லாரும் தேத்தண்ணி குடித்த பிறகு நான் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். ஒரு வரியைப் படித்து முடித்தால் கூடையோடு மேடு ஏறி நின்றது போல மூச்சு வாங்கும், ஆனாலும் அதில் வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா, எதிர் வீட்டுச் சின்னக்கருப்பு மாமா, வடிவு அத்தை, லோரி ஓட்டுகிற விஜயன் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கதையில் வரும் கோமதி கப்பல் ஏறிப் போன அண்ணனுக்காகக் காத்திருக்கிறாள். எழுதியவர் யாரோ, மகராசன், அந்தப் பெண் அடுப்பு ஊதுவதைப் படித்தால் நமக்குக் கண் எரிகிறது. நான் எழுத்துக் கூட்டித் தடுமாறும்போது அடுத்து என்ன வரும் என்று சின்னக்கருப்பு மாமா முந்திச் சொல்லுவார், பாதி நேரம் சரியாகவே இருக்கும். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

அப்படி இருக்கையில் மாமாவுக்கு வயிற்றில் வலி வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே கட்டி இருக்கிறது, உடனே ஈப்போவுக்குப் போய் ஆப்பரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று சொல்லிவிட்டார். மாமா வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “கோமதியோட அண்ணன் வந்தானா இல்லையான்னு தெரியாம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன் லா, அங்கயே போய்ச் சேந்துட்டா யாரு வந்து எனக்குச் சொல்லுவா?” என்று சொல்லிவிட்டார். வடிவு அத்தை, “எவளோ ஒரு கோமதிக்காக ஒக்காந்திருக்கீங்களே, கட்டுனவ ஒருத்தி இங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?” என்று அழுதுகொண்டே சண்டை போட்டாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்து சொன்னார், கங்காணி வந்து அதட்டினார், மனுஷன் அசையவில்லை. நான் படிக்கிற வேகத்துக்குக் கதை முடிய தீபாவளி தாண்டிவிடும். அதுவரை கட்டி காத்திருக்குமா?

அப்போதுதான் உன் யோசனையைச் சொன்னேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் ஆள் கிளம்பிவிடுவார் அல்லவா? அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “கொழுந்து எடுக்கிறவ செடியைப் பாக்கணும், நெரை எங்க முடியுதுன்னு பாத்தா கை ஓடாது” என்றாள். விஜயன் விடவில்லை. “திருவிழாக் கூத்துல முடிவு தெரியாதவங்க யாரு அத்தே? தெரிஞ்சும் அழுவுறோம்ல?” என்று கேட்டான். அதற்கு வடிவு அத்தை, “அது சாமி கதை, சாமி வந்து காப்பாத்தும்னு நமக்குத் தெரியும். இது மனுசங்க கதைடா, யாரு வருவாங்கன்னு எப்படித் தெரியும்?” என்று சொன்னவளே, “எப்படியோ பாத்துச் சொல்லுங்கண்ணே, இவரு போயிட்டு வரட்டும்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் நான் என்ன செய்வேன்?

மறுநாள் பகலில் கோஸ் பாத்திக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து கடைசித் தாளைத் திருப்பினேன். கடலுக்குப் போனவன் திரும்பவே இல்லை, வழி பார்த்திருந்த அவள் கரையிலேயே கண்ணை மூடினாள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆப்பரேஷனுக்குப் போகிற மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இத்தனை நாள் என் வாயை நம்பிக் கேட்டவரிடம் இல்லாததைப் படித்ததாகச் சொல்ல மனம் வரவில்லை, போய்ச் சொல்லிவிட்டேன். மாமா, “போ மச்சான், நீ என்னமோ தப்பாப் படிச்சிருக்க. அந்தப் பொண்ணை நெதம் ஒரு பிடி அரிசி கூடப் போட வச்சு எழுதுனவன் அவளை அப்படிச் சாகடிப்பானா? நான் போயிட்டு வர்றேன். வந்து என் காதால கேக்குறேன், அதுவரைக்கும் எவனும் புத்தகத்தைத் தொடக் கூடாது” என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கோமதி அண்ணனுக்கும் சேர்த்து நாள்தோறும் உலை வைக்கிறாள், அதைத்தான் சொன்னார். விஜயன் லோரியிலேயே தாப்பா வழியாக ஈப்போவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சரோஜா டீச்சரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தாள் நம் கதையே இல்லையாம், இதை அச்சுப் போட்டவர்களே அடுத்துப் போடப்போகிற வேறொரு கதைக்கு விளம்பரமாம். புத்தகத்தின் கடைசித் தாளில் வேறு புத்தகத்தைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உண்மையான முடிவு அதற்கு முந்திய பக்கத்தில் இருக்கிறது, படிக்கட்டுமா ஐயா என்று டீச்சர் கேட்டார். கூட வந்திருந்த அம்மா புத்தகத்தைப் பிடுங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்குத் தைக்கிற ஊசியால் கடைசித் தாள்களை எல்லாம் ஒன்றாகத் தைத்துவிட்டாள். நான் கோபப்படவில்லை. படிக்கத் தெரிந்த நான் அச்சில் இருந்ததை நம்பினேன், காதால் மட்டும் கேட்ட மனுஷன் எழுதியவர் மனசைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அவரை நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் எல்லாரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள், ஆனால் யாரும் படி என்று கேட்கவில்லை. வடிவு அத்தை ஈப்போவில் இருந்தாள், சேதி ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் உன்னை நினைத்தேன் அம்மா. நர்ஸ் உடுப்பு போட்டுக்கொண்டு வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் முடிவு என்ன என்று தெரியாமலே முகத்தில் சிரிப்போடு ஓடி ஓடிப் பார்க்கிறவள் நீ. அறைக்கு வந்து படிக்கிற கதையிலாவது முடிவை முன்னாலேயே தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்க ஆசைப்படுகிறாய். அது அவசரம் என்று நினைத்திருந்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. நீ எப்படி வேண்டுமானாலும் படி.

இதுவரை எழுதி நாலைந்து நாள் வைத்திருந்தேன். இன்று மாமா வந்துவிட்டார். கட்டியை எடுத்துவிட்டார்கள், பயம் இல்லை என்று ஈப்போவில் சொல்லிவிட்டார்களாம். ஆள் பாதியாக இருக்கிறார். லோரியை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நம் வாசலில் வந்து சாய்ந்துகொண்டு, “எங்க மச்சான் விட்டோம்?” என்றார். கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வருகிற இடம். நான் படிக்க ஆரம்பித்தேன், எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். அரைப் பக்கம்கூடப் போகவில்லை, மாமா குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வடிவு அத்தை என்னைப் பார்த்து நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள். கப்பலில் இருந்து யார் இறங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர் தூங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தை விட்டுவிடாதே. மாரியம்மன் உன் கூடவே இருந்து நல்ல வழி காட்டுவாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதில் எழுதும்போது கோமதியின் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. உனக்கு முடிவு தெரியும் என்று நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

தன் கையால் எழுதிய உன் அப்பா,
செல்லையா