பின்னாலிருந்து இரண்டு தட்டு

அன்புக் கிழவா,

ஜோஷ்வா ட்ரீ பாலைவன முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பெரிய பாறைக்குப் பக்கத்தில் நம் பழைய இடமே கிடைத்தது. காடைகள் குஞ்சுகளோடு வரிசையாகப் போகின்றன. வெயில் நீ திட்டும் அளவுக்கு இருக்கிறது.

வீடு மாதிரி நீளமான இந்தக் கேம்பர் வண்டியைப் பின்னுக்கு எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. கண்ணாடியில் கள்ளிச்செடிதான் தெரிந்தது, கை காட்ட நீ இல்லை. எப்படியோ நுழைத்துவிட்டேன். ஆனால் எஞ்சினை அணைக்கக் கை வரவில்லை. "சரி, போதும்" என்று பின்பக்கத் தகரத்தில் நீ இரண்டு தட்டு தட்டாமல் நான் எப்போது அணைத்திருக்கிறேன்?

அடுத்த வண்டியிலிருந்து வில்மா என்றொருத்தி வந்துவிட்டாள்.

"ஏம்மா, உன் புகையில எங்க பீன்ஸே நாறுது. அணைச்சுத் தொலையேன்!"

"யாராவது பின்னால ரெண்டு தட்டு தட்டணும். அப்பதான் அணைப்பேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நேரே பின்னால் போய் இரண்டு தட்டு தட்டினாள். அணைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு மூணு தட்டுவாரு" என்று சொல்லி, ஒரு கிண்ணம் பீன்ஸை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

நாற்காலி இரண்டையும் விரித்துவிட்டேன். வழக்கம்தானே.

இதை ஆஸ்பத்திரியில் நர்ஸ் மரிசெல் உனக்குப் படித்துக் காட்டுவாள். பேச்சு வரவில்லையே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளாதே. இந்தப் பயணத்துக்கு "போ, போ" என்று சைகையிலேயே என்னை விரட்டிய அந்த வலது கை நன்றாகத்தானே இருக்கிறது? அதனால் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டு. தட்டினாய் என்று அவள் போனில் சொல்லட்டும்.

அதுவரை, வண்டி அணைந்தாலும், எனக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உன் வண்டிக்காரி