மருந்து ஊற்றிய மண்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை மழை விட்டதும், புளி போட்டுத் துலக்கிய செப்புக் குடத்தின் வாசனை போல ஒன்று வீட்டுக்குள் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோரை இடித்துவிட்டார்கள். தேயிலைக்கு அடிக்கும் செப்பு மருந்தைக் கரைத்த இடம் அது. தரையில் இன்னும் நீலம் படிந்திருக்கிறது. அங்கேதான் லயத்துச் சனங்கள் காய்கறிப் பாத்தி கட்டுகிறார்கள்.

ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நீங்கள் இருந்தால் எனக்கு முன்பே குடையோடு இறங்கியிருப்பீர்கள்.

கண்டியில் பருத்தியை ஆராய்ந்துகொண்டிருந்த நாட்களில், இரண்டு டின்களில் நாற்றோடு நம் கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். "இந்தக் குளிர்ல பருத்தியா? வேட்டிக்கு நூல் இங்கயே நூக்கப் போறீங்களா?" என்றேன். "மொதல்ல இருக்குற வேட்டிய ஒழுங்கா கட்டுங்க சேர்" என்றீர்கள். ஆசிரியர் அறையே சிரித்தது.

ஒரு டின்னுக்கு நல்ல தண்ணீர். மற்றதற்குச் செப்பு கலந்த தண்ணீர். எது எதுவென்று கேட்டீர்கள். இரண்டும் பச்சைதான். நான் தவறான டின்னைக் காட்டினேன்.

அன்று நீங்கள் சொன்ன உதாரணத்தைப் பிறகு என் வகுப்புகளிலெல்லாம் சொன்னேன். "காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லாரும்தான் நிக்கிறாங்க சேர். பேர் கூப்பிட்டவங்கதானே கொழுந்து பறிக்க மலைக்குப் போறாங்க? மரபணுவும் அப்படித்தான்." செப்போ ஈயமோ வேருக்குள் வந்தால், சும்மா நின்ற சில மரபணுக்களுக்கு அழைப்பு வருகிறது. சில, உலோகத்தைப் பிடித்துக் கட்டும் பொருளைச் செய்ய வைக்கின்றன. சில, கட்டியதைச் செல்லுக்குள் ஓர் அறையில் தள்ளிப் பூட்டவைக்கின்றன. செடி பிழைத்துக்கொள்கிறது. ஆனால் உலோகம் எங்கும் போகவில்லை.

"பச்சையா நிக்கிற செடியில ரெண்டு சாதி சேர். ஒண்ணு உள்ளயே விடாது. இன்னொண்ணு உள்ள விட்டு அடைச்சு வச்சிருக்கும். பார்த்தாத் தெரியாது."

நீங்களும் அப்படித்தான் நின்றீர்கள். உள்ளே நோயை வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "ஒண்ணுமில்ல, மழைக்காலச் சளி" என்றீர்கள். நீங்கள் போவதற்கு முந்திய கடைசிப் பள்ளித் தவணைவரை கரும்பலகை நிறைய எழுதினீர்கள்.

இன்று காலை அந்த இடத்துக்கு இறங்கிப் போனேன். பாத்தி கட்டிக்கொண்டிருந்த செல்லம்மா நிமிர்ந்தாள்.

"மருந்து ஊத்துன மண்ணு சேர். நோய்நொடி அண்டுமா?"

மருந்து. நாம் வைத்த பெயர்தானே. நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து, தேயிலைக்கு அடிப்பதும் மருந்து. அவள்மேல் என்ன பிழை?

"மண்ணைக் கொஞ்சம் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கக் கொடுக்கிறேன். அதுவரை இங்கே ஒன்றும் போட வேண்டாம்" என்றேன்.

"அதுவரைக்கும் புள்ளைங்க என்னத்தத் திங்கும்? ஒங்களுக்கும் ஒரு கட்டு கீரை தர்றோம், வாய மூடிக்கிட்டுச் சாப்புடுங்க" என்று சிரித்தாள்.

பாத்தி ஓரத்தில் தானாக முளைத்திருந்த கீரையைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க. எம்புட்டுப் பச்சையா இருக்கு."

"அதுதான் பயமா இருக்கு, செல்லம்மா."

அவள் சிரிப்பு நின்றது. கீரையைக் கீழே போடவில்லை, மடியிலும் கட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

மண்ணை அள்ளிப் பையில் கட்டிவிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் இதை எழுதுகிறேன். எதிரே வந்த ஒருவர், நான் நலம் கேட்டதும், "நல்லா இருக்கேன் சேர்" என்று சொல்லிப் போகிறார். உங்களுக்குப் பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டால் நான் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கிறேன்.