பாலம் நின்றது, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? எனக்கு சிட்னி வெயில் பழகிவிட்டது. நம் டென்மார்க்கின் கறுப்பு ரொட்டிதான் இங்கே வாய்க்கவில்லை.

இன்று காலை ஒரு சின்னக் கூத்து. எங்கள் லெகோ பொம்மைக் கட்டை அனிமேஷன் படத்தில், கணினியில் கட்டுவதெல்லாம் நிஜக் கட்டைகளால் கட்டினாலும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காட்சியையே வெட்டிவிடுவார்கள். நான்கு மாதமாக நான் கணினியில் செய்த பாலத்தை, இயக்குநர் மேவுக்கு முன்னால் கையால் கட்டினேன். பதினோரு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசி இரண்டு தட்டைக் கட்டைகளை தவறாக மாற்றிப் பொருத்திவிட்டேன். பிரிக்கப் பார்த்ததில் நகம் பிய்ந்ததே தவிர, அவை பிரியவில்லை.

"ட்ரோல்ஸ், நிக்குமா நிக்காதா? சொல்லிடு, வெட்டிடலாம்" என்றாள் மேவ்.

பல்லால் கடித்துப் பிரித்து, சரியாகப் பொருத்தினேன். பாலம் நின்றது.

"டென்மார்க்ல எல்லாரும் இப்படிக் கடிச்சுத்தான் பிரிப்பாங்களா?" என்றாள்.

"எல்லாரும்தான். எல்லா அம்மாவும் திட்டவும் செய்வாங்க."

சமையலறை இழுப்பறையில் கட்டை பிரிக்கும் ஆரஞ்சு நெம்புகோல் கிடக்கும், அனுப்பு. இங்கேயும் விற்கிறார்கள். ஆனாலும் நம்முடையதே வேண்டும்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பல் டாக்டரிடம்தான் உட்கார்ந்திருக்கிறேன். முன்பல்லில் ஒரு மூலைதான் போயிருக்கிறது. திட்டாதே.

இல்லை, திட்டியே எழுது. இங்கே அதற்கு ஆளில்லை.

ட்ரோல்ஸ்