வெறும் வயிற்றில் ஒன்று

ஜூன் 9, திங்கள்

விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை.

6.00 மாமாவுக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில். 7.00 காபி. 7.30 குழைந்த கஞ்சி. பக்கத்திலேயே உட்கார வேண்டும், புரையேறும். மதியம் கால்சியம். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம்.

மூன்று வருடம் முன்பு மாமனாருக்குத் தொண்டையில் புற்றுநோய். முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு. கட்டி போனது. கூடவே தைராய்டும். அந்த முப்பத்தைந்து நாளுக்காக விட்டதுதான் என் கெமிஸ்ட்ரி டீச்சர் வேலை. இன்று அதே பள்ளியிலிருந்து போன். இடம் காலி, வெள்ளிக்குள் பதில் வேண்டும். ஸ்கூல் பஸ் காலை 6.45. என் வீட்டுக்காரர் செந்தில் 5.30க்கே ரஞ்சன்காவ் ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மாமா ஸ்வெட்டரோடு பகல் முழுதும் தூக்கம். முகம் உப்பியிருக்கிறது. குளித்தீர்களா என்றால் ஞாபகமில்லை என்கிறார். கத்திவிட்டேன். "நாள் பூரா இப்படிப் படுத்தே கெடந்தா எப்படிங்க மாமா?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

ரத்தம் எடுக்க ஆள் வந்தார். மாலை போனில் ரிசல்ட். டோஸ் கூட்டி ஆறு வாரம் ஆகிறது, தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது.

செந்தில் வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "டைமுக்குக் குடுக்கறியா சுமதி?"

ஒரு நாள்கூட ஆறு மணி தவறவில்லை. இதற்காகத்தான் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோவை போகவில்லை. சப்பாத்தி போட்டேன்.

ஜூன் 11, புதன்

ஆஸ்பத்திரி. ஹடப்சர் சிக்னலில் ஆட்டோ இருபது நிமிடம். டாக்டர் சின்னப் பெண். அவளும் அதே கேள்விதான். "ரோஜ் தேதே ஹோ நா?" தினமும் கொடுக்கிறீர்களா என்று இந்தியில், என்னைப் பார்த்து. மாமா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கம், குளிர், மறதி, மலச்சிக்கல், எல்லாம் தைராய்டு குறைவால்தானாம். சோம்பல் இல்லையாம். டோஸ் இன்னும் கூட்டியாயிற்று, நாளை மறுநாளிலிருந்து.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் ஸ்வெட்டர் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் வெள்ளை மாவு. நடுவே உடையாத நாலு மாத்திரை.

பால்கனியில் நின்றேன், எவ்வளவு நேரமோ. பிறகு போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினேன்.

கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நான் திரும்பியதும் எடுத்துவிடுவாராம்.

கசார்வாடிப் பட்டறையில் முப்பது வருடம் லேத் சத்தத்துக்கு மேல் பேசியவர். இப்போது குரல் வெறும் காற்று.

"தொண்டைல ஒட்டிக்குது அம்மிணி. எச்சியே ஊற மாட்டீங்குது."

"சொல்லியிருக்கலாமுங்களே மாமா."

"சொன்னா மறுபடி டியூப் போடோணும்னு கூட்டிட்டுப் போயிருவீங்க."

மூக்கு வழியே குழாய். கதிர்வீச்சின்போதும் அது முடிந்த பிறகுமாக இரண்டு மாதம் அதில்தான் சாப்பாடு.

கோபம் வந்தது. தங்கவில்லை. டாக்டருக்குப் போன். நுணுக்கி, ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்கலாம் என்றாள். நேற்றுக் கூட்டிய டோஸ் வேண்டாம், அதற்கு முந்தைய அளவே. அவ்வளவுதான். ஒரு கரண்டித் தண்ணீருக்கு ஆறு வாரம் வீண்.

ஜூன் 13, வெள்ளி

6.00 கரைத்துக் கொடுத்தேன். தலையைக் குனிந்து விழுங்கினார். புரையேறவில்லை.

"இனி நானே கரைச்சுக் குடிச்சுக்கறேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ." திங்களன்று நான் பள்ளியோடு போனில் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் நம்பினேன். எந்தப் புடவை என்றுகூட யோசித்தேன்.

7.30 கஞ்சி. நாலாவது வாய். புரையேறி, கண் பிதுங்கி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதுகைத் தட்டியபடி ஐந்து நிமிடம். பிறகு மீதிக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக நானே கொடுத்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை ஜூலை 25.

10.30 பள்ளிக்குப் போன். முடியாது என்றேன். அடுத்த வருஷமாவது வர முடியுமா என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன். திரும்பினால் மாமா கதவருகில்.

"என்ன சொன்னாங்க?"

"வேற ஆள் போட்டுட்டாங்களாமுங்க."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்றதுக்கு நீ என்கிட்டத்தான் படிக்கோணும் அம்மிணி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.