ஏழாம் கேள்விக்கு ‘இல்லை’

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓசூர் நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள்; இரண்டுக்கும் வாய்தா. குடையை அலுவலகத்திலேயே விட்டுவிட்டேன்.

மாலையில் பேரிகை கிராமத்திலிருந்து சுமதி, வயது 26. உடன் தாய் கோவிந்தம்மா, மூன்று வயது மகள். சுமதியின் கணவர் ரமேஷ் இங்கே ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டியவர், இரண்டாண்டுகளாக ஜெர்மனியில் வேலை. மனைவியும் மகளும் அங்கே போய்ச் சேர்ந்து வாழக் குடும்ப விசா விண்ணப்பம். தூதரகத்திலிருந்து கடிதம்.

விண்ணப்பத்தின் கேள்விப் படிவத்தில் ஏழாம் கேள்வி: திருமணத்துக்கு முன்பே இருவருக்கும் இரத்த உறவு உண்டா? பதில்: இல்லை. ஆனால் இணைத்திருந்த திருமணப் பத்திரிகையின் மொழிபெயர்ப்பில், மணமகன் மணமகளின் தாய்மாமன் என்று இருக்கிறது. 23ஆம் தேதிக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் நிராகரிப்பு.

“யாரும்மா ‘இல்லை’ன்னு எழுதச் சொன்னது?”

“பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கிற ஏஜெண்டு சார். வெள்ளக்காரன் இதெல்லாம் அசிங்கமா நினைப்பான், விசா குடுக்க மாட்டான்னாரு.”

கோவிந்தம்மா பொறுக்கவில்லை. “எந் தம்பிக்கு எம் பொண்ணக் குடுத்தேன். இதுல அசிங்கம் எங்கிருந்து வந்துச்சு? ஊரே வந்து சாப்ட்டுட்டுப் போச்சு!”

நான் உறுதி எதுவும் அளிக்கவில்லை. படித்துப் பார்த்துச் சொல்வதாக மட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

இந்து திருமணச் சட்டம், பிரிவு 5. தாய்மாமன், அக்காள் மகள்: தடை செய்யப்பட்ட உறவு. ஆனால் இரு தரப்பாரின் வழக்கமும் அனுமதித்தால் திருமணம் செல்லும். ஆகவே வழக்கத்தை நிரூபிக்க வேண்டும்.

ஜெர்மன் சட்டம்: நேர் வம்ச வரிசையினர் (பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்), உடன்பிறந்தோர். தடை இவர்களுக்கு மட்டுமே. இருமுறை சரிபார்த்தேன். அந்த நாடு தடுக்காத ஒன்றை இவர்கள் மறைத்திருக்கிறார்கள். இனி ஆபத்து முழுவதும் அந்தப் பொய்யில்.

ஜூன் 12, வியாழன்

வெயில். ரமேஷ் வாட்ஸ்அப்பில் அழைத்தார்.

“சார், பிரஸ்காரன் தப்பா அடிச்சிட்டான்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதே?”

“ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னொரு பொய்யா? அப்படி எழுதறதா இருந்தா நீங்க வேற வக்கீலைப் பார்க்கணுங்க.”

பிறகு: “எம் பொண்ணு, அப்பான்னா போனுக்குள்ளயே இருக்கிற ஆளுன்னு நினைச்சிட்டிருக்கா சார். உங்க இஷ்டப்படியே செய்ங்க.”

கோவிந்தம்மாவிடம் கேட்க வேண்டியவை: குடும்பத்தில் இதேபோல் நடந்த திருமணங்கள்; அவற்றின் பத்திரிகைகள்; உறுதிமொழிப் பத்திரம் தரக்கூடிய உறவினர் மூவர். எனக்குப் பல் வைத்தியர், சனி 5 மணி.

ஜூன் 16, திங்கள்

கோவிந்தம்மா கட்டைப்பையுடன். உள்ளே பதினொரு பத்திரிகைகள், மூலைகளில் தடவிய மஞ்சள் இன்னும் மங்காமல். அடியில் அவருடைய திருமணப் பத்திரிகை. அவர் கணவரும் அவருக்குத் தாய்மாமனே.

குமாஸ்தா வெங்கடேசப்பா வம்சாவளி வரையத் தொடங்கி இரண்டு தாள்களைக் கசக்கிப் போட்டார். “எந்தப் பக்கம் கோடு போட்டாலும் திரும்ப அதே வீட்டுக்கே வருது சார்!”

“இரண்டு தரப்பிலயும் இந்த வழக்கம் இருக்குன்னு எழுதணும்மா,” என்றேன்.

“ரெண்டு தரப்பு ஏது சார்? ரெண்டும் நாங்கதானே!”

வெங்கடேசப்பா என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் ஏதோ கிண்டலாகச் சொன்னார். கோவிந்தம்மா கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தார். வெங்கடேசப்பா குனிந்து மூன்றாவது தாளை எடுத்தார்.

கிளம்பும்போது சுமதி: “சார், ஓசூர்ல ஸ்வெட்டர் தள்ளுபடி போட்டிருக்காங்க. பாப்பாவுக்கு எடுத்துரட்டுமா?”

“பொறுங்கம்மா.”

முகம் வாடிவிட்டது. சரியான பதில்தான். ஆனாலும் வீடு வரும்வரை உறுத்தல்.

ஜூன் 18, புதன்

விளக்கக் கடிதம், இரண்டு பக்கம். முதல் வரி: “ஏழாம் கேள்விக்கு நான் அளித்த பதில் உண்மையன்று.”

“இப்படி எடுத்த எடுப்புலயே சொல்லணுமா சார்?”

“ஆமாம்மா. அவங்க கண்டுபிடிச்சதை நாம முதல்ல ஒத்துக்கிட்டாதான் மீதியை நம்புவாங்க.”

சுமதி மறுபடி படித்தார். பேனாவை மகள் பிடுங்கினாள், வாங்கிக் கையெழுத்திட்டார். இணைப்பு: உறுதிமொழிகள் 3, பத்திரிகைகள் 11, வம்சாவளி 1 (ஐந்தாவது வரைவு). நோட்டரி முடிந்தது. மின்னஞ்சல், கூரியர் இரண்டும். ஐந்து நாள் மிச்சம்.

ஜூன் 27, வெள்ளி

பதில் இல்லை. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம், பாலத்தில் கூட்டம். சுமதியிடமிருந்தும் அழைப்பில்லை. ‘பொறுங்கம்மா’ என்பேன் என்று தெரிந்திருக்கும்.

முதல் வரியைச் சற்று மென்மையாக எழுதியிருக்கலாமோ? இல்லை. அதுவே சரி.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. காலை 11.20, மின்னஞ்சல். விளக்கம் ஏற்கப்பட்டது. விசா பதிப்பதற்காக இருவரின் பாஸ்போர்ட்டுகளையும் சமர்ப்பிக்கவும். மூன்று முறை படித்தேன். வெங்கடேசப்பாவையும் ஒருமுறை உரக்கப் படிக்கச் சொன்னேன்.

போனை எடுத்தவர் கோவிந்தம்மா. “நிசமாவா சார்? இருங்க, இருங்க, வெச்சிராதீங்க! ஏய் சுமதி, மாட்ட அப்புறம் புடிச்சிக் கட்டலாம், வாடி இங்க!”

ஓடி வந்த மூச்சிரைப்புடன் சுமதி: “சார், கிடைச்சிருச்சுன்னு வெச்சுக்கலாமா?”

விசா பதித்த பாஸ்போர்ட் கைக்கு வருமுன் அப்படிச் சொல்வது என் வழக்கமில்லை. இன்றும் சொல்லவில்லை. ஸ்வெட்டரை எடுத்துவிடச் சொன்னேன். ஓர் அளவு பெரிதாக.